ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயம்!

பொழுது விடிகிறது. கடலுக்கு மேலே ஒரு விமானம் பறந்து கொண்டிருக்கிறது. கீழ்வானம் சிவக்கிறது. சூரியன் உதிக்கிறான். விமானத்தில் இருப்பவர்கள் ஜன்னல் வழியாக அதைப் பார்க்கிறார்கள்.

பகல் முழுவதும் விமானம் பறக்கிறது. மாலை வருகிறது. சூரியன் மறைகிறான். இரவு வருகிறது. நட்சத்திரங்கள் தோன்றுகின்றன. விமானம் இன்னும் பறந்து கொண்டே இருக்கிறது.

மறுபடியும் கீழ்வானம் சிவக்கிறது. மறுநாள் சூரியனும் உதித்து விடுகிறான். அப்பொழுதும் விமானம் இறங்கவில்லை!

இது கதை அல்ல. உண்மையாகவே நடந்தது. அதுவும் ஒரு முறை இரு முறை அல்ல, 271 முறை!

இரண்டாவது உலக யுத்தத்தின்போது ஆஸ்திரேலியாவுக்கும் இலங்கைக்கும் இடையே இந்த அதிசய விமானங்கள் பறந்தன. ஒரு பயணத்துக்கு 27 மணி முதல் 33 மணி நேரம் வரை பிடித்தது. நடுவில் எங்கும் இறங்குவது கிடையாது. ஒரே பயணத்தில் இரண்டு சூரிய உதயங்களைக் காணலாம் என்பதால், இதற்கு "இரட்டைச் சூரியோதய சேவை" என்றே பெயர் ஏற்பட்டது.

அறுந்து போன பாதை

இந்தச் சேவையை நடத்தியது குவாண்டாஸ் என்ற ஆஸ்திரேலிய விமானக் கம்பெனி. 1920-ம் ஆண்டில் குவீன்ஸ்லாந்து மாகாணத்தில் தொடங்கப்பட்ட கம்பெனி இது.

1938-ம் ஆண்டில் இந்தக் கம்பெனி பெரிய கடல் விமானங்களை ஓட்ட ஆரம்பித்தது. கடல் விமானம் என்றால் என்ன? அதன் அடிப்பாகம் படகு போல இருக்கும். அது தண்ணீரில் இருந்தே கிளம்பும்; தண்ணீரிலேயே இறங்கும். ஆற்றிலும் ஏரியிலும் துறைமுகத்திலும் நிற்கும். விமான நிலையமே தேவை இல்லை.

ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரில் புறப்படும் கடல் விமானம் சிங்கப்பூர், கல்கத்தா, கராச்சி வழியாக இங்கிலாந்துக்குப் போகும். போய்ச் சேரச் சுமார் 10 நாட்கள் ஆகும். ஆனால் அது ராஜ போகப் பிரயாணம்! உள்ளே எழுந்து உலாவ இடம் உண்டு. ஜன்னல் ஓரம் நின்று கடலையும் காட்டையும் வேடிக்கை பார்க்கலாம். இரவு வந்தால் விமானம் இறங்கிவிடும். பிரயாணிகள் ஓட்டலில் தூங்கி, மறுநாள் காலையில் மீண்டும் ஏறுவார்கள்.

இந்தச் சுகம் அதிக நாள் நீடிக்கவில்லை. 1941 டிசம்பரில் ஜப்பான் யுத்தத்தில் குதித்தது. மலேயாவுக்குள் ஜப்பானியப் படைகள் புகுந்தன.

1942 ஜனவரி 30-ந்தேதி "கோரியோ" என்ற குவாண்டாஸ் கடல் விமானம் தைமூர் தீவை நெருங்கிக் கொண்டிருந்தது. யுத்தத்தில் சிக்கித் தவித்த பெண்களையும் குழந்தைகளையும் மீட்டு வரவே அது போய்க் கொண்டிருந்தது. திடீரென்று ஜப்பானியச் சண்டை விமானங்கள் அதைச் சூழ்ந்து சுட்டன. கோரியோ கடலில் விழுந்தது. அதில் இருந்த 18 பேரில் 13 பேர் மாண்டார்கள். விமானி ஆப்ரி கோச் குண்டுக் காயத்துடன் நீந்திக் கரை சேர்ந்தார்.

பிப்ரவரி 15-ந்தேதி சிங்கப்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 19-ந்தேதி ஆஸ்திரேலியாவில் உள்ள டார்வின் துறைமுகத்தின் மீதே குண்டு விழுந்தது. மார்ச் 3-ந்தேதி புரூம் என்ற சிறு துறைமுகத்தில் வரிசையாக நின்ற கடல் விமானங்களை ஜப்பானியர் சுட்டு எரித்தார்கள். அவற்றுக்குள் ஜாவாவில் இருந்து தப்பி வந்த பெண்களும் குழந்தைகளும் இருந்தார்கள். பலர் உயிர் இழந்தார்கள்.

ஜாவா, சுமத்ரா, மலேயா, அந்தமான் எல்லாம் ஜப்பானியர் வசமாயின. ஆஸ்திரேலியாவில் இருந்து இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போகும் ஆகாயப் பாதை அடியோடு அறுந்து போயிற்று.

தகப்பனுக்குக் கடிதம் எப்படிப் போகும்?

பாதை அறுந்ததால் வந்த கஷ்டம் கொஞ்ச நஞ்சம் அல்ல.

ஆஸ்திரேலியாவின் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் வெளிநாட்டுப் போர்முனைகளில் இருந்தார்கள். அவர்களுக்கு வீட்டில் இருந்து கடிதம் போகவேண்டும். அவர்கள் எழுதுவது வீட்டுக்கு வரவேண்டும். கப்பலில் அனுப்பினால் மாதக் கணக்கில் ஆகும். நடுக்கடலில் எதிரியின் நீர்மூழ்கிக் கப்பல் தாக்கினால் கடிதமும் போச்சு, கப்பலும் போச்சு!

இரண்டு நாட்டு அரசாங்கங்களும் பேசிக்கொள்ள வேண்டிய ரகசியங்கள் வேறு இருந்தன. அவசர காரியமாகத் தளபதிகளும் அதிகாரிகளும் போய் வர வேண்டி இருந்தது.

என்ன செய்வது? தேசப் படத்தை விரித்துப் பார்த்தார்கள்.

ஆஸ்திரேலியாவின் மேற்குக் கோடியில் பெர்த் என்ற நகரம் இருக்கிறது. அங்கிருந்து இலங்கையின் தென்கோடிக்கு நேராக ஒரு கோடு போட்டால் சுமார் 3,500 மைல் வருகிறது. அதாவது 5,650 கிலோ மீட்டர். வழி நெடுக இந்து மகா சமுத்திரம்!

சென்னையில் இருந்து டெல்லிக்கு ஆகாய வழியாக சுமார் 1,100 மைல். அதைப் போல மூன்று மடங்குக்கும் அதிகமான தூரத்தை, தண்ணீருக்கு மேலேயே, ஒரே மூச்சில் கடக்க வேண்டும். இடையில் பெட்ரோல் போட முடியாது. களைத்தால் இறங்க முடியாது. அக்காலத்தில் வேறு எந்த விமானக் கம்பெனியும் இவ்வளவு தூரத்தை நிற்காமல் கடந்தது இல்லை.

"நாங்கள் பறக்கிறோம்" என்று குவாண்டாஸ் முன்வந்தது. கம்பெனியின் தலைமைப் பொறுப்பில் இருந்த ஹட்சன் பிஷ் இதில் உறுதியாக நின்றார். பிரிட்டிஷ் அரசாங்கம் ஐந்து கடல் விமானங்களைக் கொடுத்தது.

காட்டலினா

அந்த விமானங்களின் பெயர் காட்டலினா. அமெரிக்காவில் செய்யப்பட்டவை. சிறகின் அகலம் 104 அடி. இரண்டு என்ஜின்கள்; ஒவ்வொன்றும் 1,200 குதிரைச் சக்தி.

காட்டலினா அழகான விமானம் அல்ல. வேகமானதும் அல்ல. மணிக்குச் சுமார் 125 மைல்தான் போகும். எதிரியின் சண்டை விமானங்களோ அதைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகமான வேகத்தில் பாய்ந்து வரும். ஆனால் காட்டலினாவிடம் ஒரு நல்ல குணம் உண்டு. அது களைக்காது. மெதுவாகவே போனாலும், பெட்ரோல் இருக்கிறவரை மணிக்கணக்காகப் பறந்து கொண்டே இருக்கும். பந்தயக் குதிரை அல்ல. பொதி சுமக்கும் மாடு!

ஆனாலும் 3,500 மைல் என்பது காட்டலினாவுக்கே அதிகம். ஆகையால் கூடுதலாகப் பெட்ரோல் தொட்டிகள் வைத்தார்கள். தேவை இல்லாத சாமான்களை எல்லாம் கழற்றி எடுத்தார்கள். குளிரைத் தடுக்க உட்புறம் வைத்திருந்த உறையைக்கூட விட்டு வைக்கவில்லை! ஒரு ராத்தல் குறைந்தாலும் லாபம் அல்லவா?

துப்பாக்கி, பீரங்கி எதுவும் கிடையாது. எதிரி வந்தால் திருப்பிச் சுட வழி இல்லை. மேகத்துக்குள் ஒளிந்து கொள்ளலாம். அவ்வளவுதான்.

கடைசியில், சுமார் 2,000 காலன் பெட்ரோலை நிரப்பிக்கொண்டு நிற்கும்போது விமானத்தின் எடை ஏறக்குறைய 35,000 ராத்தல் ஆயிற்று. அந்த எடையில் ஐந்தில் இரண்டு பங்கு பெட்ரோல்தான்!

மீதி இடத்தில் என்ன ஏற்றலாம்? ஐந்து சிப்பந்திகள். சுமார் 150 ராத்தல் தபால். அதிகபட்சம் மூன்று பிரயாணிகள். அவ்வளவே!

மூன்றே பிரயாணிகளை ஏற்றிக்கொண்டு மகா சமுத்திரத்தைத் தாண்டும் விமானக் கம்பெனியை எங்காவது கேள்விப்பட்டதுண்டா?

பெயர் கொடுத்த நட்சத்திரங்கள்

ஐந்து விமானங்களுக்கும் நட்சத்திரங்களின் பெயரை வைத்தார்கள். ஆல்டேர், வேகா, ரைஜல், அன்டாரஸ், ஸ்பைகா என்பவை அந்தப் பெயர்கள்.

இவை நமக்கு அன்னிய நட்சத்திரங்கள் அல்ல. ஆல்டேர் என்பது நமது திருவோணம். வேகா என்பது அபிஜித். அன்டாரஸ் என்பது கேட்டை. ஸ்பைகா என்பது சித்திரை. ரைஜல், திருவாதிரை இருக்கும் அதே நட்சத்திரக் கூட்டத்தில் நீல ஒளி வீசுவது. நமது பஞ்சாங்கத்தில் இருக்கிற நட்சத்திரங்களே அந்த ஆஸ்திரேலிய விமானங்களின் நெற்றியில் இருந்தன!

அழகுக்காக வைத்த பெயர்கள் அல்ல இவை. அந்த விமானங்களுக்கு வழிகாட்டியதே நட்சத்திரங்கள்தான்.

வாய் திறக்கக் கூடாது!

சாதாரணமாக விமானி வழியில் கம்பியில்லாத் தந்தி மூலம் தரையில் இருப்பவர்களோடு பேசுவார். "எங்கே இருக்கிறேன்? காற்று எப்படி?" என்று கேட்டுத் தெரிந்து கொள்வார்.

இந்த விமானங்களில் அது கூடாது. பேசினால் எதிரியின் காதில் விழும். எங்கே பறக்கிறது என்று கண்டுபிடித்து விடுவான். ஆகவே புறப்பட்டதில் இருந்து போய்ச் சேருகிறவரை விமானம் ஊமையாகப் பறந்தது. தரையில் இருந்து ரகசியக் குறியில் சொல்லும் வானிலைச் செய்தியைக் காதால் கேட்டுக் கொள்ளலாம். பதில் சொல்லக் கூடாது.

அப்படியானால் வழி தெரிவது எப்படி? கீழே கடல். மலை இல்லை, ஊர் இல்லை, கலங்கரை விளக்கம் இல்லை.

ஒவ்வொரு விமானத்திலும் வழிகாட்டி ஒருவர் இருந்தார். அவரிடம் நட்சத்திரத்தின் உயரத்தை அளக்கும் கருவியும், சரியான நேரம் காட்டும் கடிகாரமும், கணக்கு அட்டவணைகளும் இருந்தன. இன்ன நேரத்தில், இன்ன நட்சத்திரம், இவ்வளவு உயரத்தில் தெரிகிறது என்றால், விமானம் இன்ன இடத்தில் இருக்கவேண்டும் என்று அவர் கணக்குப் போடுவார். பகலில் சூரியனை வைத்து அதே கணக்கு.

நமது கடலோர மீனவர்கள் இரவில் விண்மீனைப் பார்த்துத் திசை அறிந்து கரை திரும்புவார்கள் அல்லவா? அதே வித்தைதான். மீனவர் கண்ணால் மதிப்பிடுவதை இவர் கருவியால் அளந்தார்.

ஆனால் கணக்கு பிசகக் கூடாது. திசையில் ஒரே ஒரு பாகை தவறினால் போதும். 3,500 மைல் போய்ச் சேரும்போது விமானம் சுமார் 60 மைல் விலகிப் போய்விடும். இலங்கைக்குத் தெற்கே விலகினால் அப்புறம் பக்கத்தில் நிலம் கிடையாது. தேடி அலையப் பெட்ரோலும் இருக்காது.

காற்றும் சும்மா இருக்காது. எதிர்க்காற்று மணிக்கு 20 மைல் வேகத்தில் வீசினால், விமானத்தின் வேகம் 125 மைலில் இருந்து 105 மைலாகக் குறைந்துவிடும். 28 மணியில் முடியவேண்டிய பயணம் 33 மணி ஆகிவிடும்!

வட திசைக்குப் போகும்போது இன்னொரு வேடிக்கை உண்டு. பெர்த் நகரில் துருவ நட்சத்திரம் தெரியாது. அது பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் ஊர். விமானம் பூமத்திய ரேகையைத் தாண்டி இலங்கையை நெருங்கும்போதுதான் வடக்கு அடிவானத்தில் துருவ நட்சத்திரம் மெல்லத் தலை காட்டும். மேகம் இல்லாத இரவில் அதைக் கண்டவர்களுக்கு, "கரை வரப் போகிறது" என்று ஓர் ஆறுதல்!

ஆற்றில் இருந்து கிளம்பியது

பெர்த் நகரின் ஓரமாகச் சுவான் என்ற ஆறு ஓடுகிறது. அங்கே நெட்லண்ட்ஸ் என்ற இடத்தில் குவாண்டாஸ் தன் கடல் விமானத் துறையை அமைத்தது. குரௌதர் என்பவர் அங்கே பொறுப்பாளர். ரஸல் டாப் போன்ற பழுத்த அனுபவம் உள்ள விமானிகள் வந்து சேர்ந்தார்கள்.

1943-ம் ஆண்டின் நடுவில் பயணங்கள் தொடங்கின.

பெட்ரோல் பாரத்தோடு காட்டலினா ஆற்றில் ஓட ஆரம்பிக்கும். இரண்டு பக்கமும் தண்ணீர் சீறிப் பாயும். என்ஜின்கள் முழு மூச்சில் அலறும். விமானம் ஓடுகிறது... ஓடுகிறது... எழும்பவே மாட்டேன் என்கிறது! அப்புறம் மெல்ல, மிக மெல்ல, நீரை விட்டு எழும்பும்.

எழும்பியதும் ஆபத்து தீர்ந்தது என்று நினைக்கக் கூடாது. முதல் பல மணி நேரம்தான் பெரிய கண்டம். அந்த நேரத்தில் ஓர் என்ஜின் நின்றுவிட்டால் மற்ற ஓர் என்ஜினால் அந்தப் பாரத்தைத் தாங்க முடியாது. விமானம் கடலில் இறங்கவேண்டியதுதான். நேரம் ஆக ஆகப் பெட்ரோல் எரியும்; பாரம் குறையும்; சிப்பந்திகளின் நெஞ்சில் இருந்த பாரமும் குறையும்!

புறப்படும் நேரத்தையும் கணக்குப் பார்த்தே வைத்தார்கள். ஜப்பானிய ரோந்து விமானங்கள் வரக்கூடிய பகுதியை இருட்டில் கடக்க வேண்டும். பகலில் அங்கே மாட்டிக்கொண்டால் தப்புவது கஷ்டம்.

பிரயாணிகள் பட்ட பாடு

இந்த விமானத்தில் டிக்கெட் வாங்கி யாரும் ஏற முடியாது. அரசாங்கக் காரியமாகப் போகிறவர்களுக்குத்தான் இடம்.

பெரிய அதிகாரியானாலும் சுகம் கிடையாது. உள்ளே குளிர் நடுக்கும். என்ஜின் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது. காலை நீட்டிப் படுக்க வசதி குறைவு. முந்தைய கடல் விமானங்களில் இருந்த உலாவும் இடமும் ஓட்டல் படுக்கையும் இங்கே ஏது?

ஒரு பகல், ஓர் இரவு, மறுபடியும் ஒரு பகல். நமது ஊரில் ரயிலில் ஒரு ராத்திரி உட்கார்ந்து போனாலே மறுநாள் இடுப்பு வலிக்கிறது. ரயிலாவது நிலையத்துக்கு நிலையம் நிற்கும்; இறங்கி ஒரு காப்பி குடிக்கலாம். இங்கே 28 மணி, 30 மணி நேரம் ஓர் ஆட்டுக்கல்லின் சத்தத்துக்குள் அடைபட்டதுபோல இருக்க வேண்டும்!

சிப்பந்திகள் பாடு இன்னும் மோசம். முறை வைத்துக் கொண்டு வேலை செய்தார்கள். முறை வைத்துக் கொண்டு கண் அயர்ந்தார்கள். ஒருவர் காற்றைக் கணக்குப் பார்ப்பார். ஒருவர் பெட்ரோலைக் கணக்குப் பார்ப்பார். எல்லோரும் வானத்தைப் பார்ப்பார்கள். வருவது மேகமா, எதிரியா?

மிக நீண்ட பயணம் 32 மணி 9 நிமிடம் நீடித்தது. பிரயாணிகளை ஏற்றிச் செல்லும் விமானக் கம்பெனிகளில், இவ்வளவு நேரம் நிற்காமல் பறந்த சேவை அதற்கு முன்பும் இல்லை. அதற்குப் பின்பும் இல்லை. இன்று மிக நீண்ட தூரம் போகும் ஜெட் விமானங்கள்கூட 18, 19 மணி நேரத்தில் இறங்கி விடுகின்றன.

கொக்கலை ஏரி

அந்தப் பக்கம் விமானம் இறங்கிய இடம் கொக்கலை. இலங்கையின் தென்கோடியில், காலி நகருக்கு அருகே, கடலை ஒட்டி இருக்கும் ஏரி அது. சுற்றிலும் தென்னந்தோப்பு. 30 மணி நேரம் கடலையே பார்த்து வந்தவர்களுக்கு அந்தப் பச்சை நிறம் எப்படி இருந்திருக்கும்!

அந்த ஏரிக்கு ஏற்கெனவே ஒரு வரலாறு உண்டு.

1942 ஏப்ரல் 4-ந்தேதி இந்தக் கொக்கலையில் இருந்துதான் கனடா நாட்டு விமானி லெனார்டு பிர்ச்சால் ஒரு காட்டலினாவில் ரோந்து கிளம்பினார். இலங்கையை நோக்கி வந்து கொண்டிருந்த பெரிய ஜப்பானியக் கப்பற்படையை அவர் கண்டார். உடனே கம்பியில்லாத் தந்தியில் செய்தி அனுப்பினார். செய்தி முடிவதற்குள் அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. பிர்ச்சால் கைதியானார். யுத்தம் முடியும் வரை ஜப்பானியச் சிறையில் இருந்து, பிறகு உயிரோடு திரும்பினார்.

அவர் அனுப்பிய செய்தியால் இலங்கை விழித்துக் கொண்டது. மறுநாள் கொழும்பு மீது குண்டு விழுந்தது. அதற்கு அடுத்த நாள், ஏப்ரல் 6-ந்தேதி, விசாகப்பட்டினமும் காக்கிநாடாவும் தாக்கப்பட்டன. ஏப்ரல் 9-ந்தேதி திருகோணமலையும் தாக்கப்பட்டது. அந்த நாட்களில்தான் சென்னை நகர மக்கள் மூட்டை முடிச்சுகளோடு உள்ளூர்களுக்கு ஓடினார்கள். "குண்டு போடப் போகிறான்" என்று ஊரே காலியான கதையைப் பாட்டிமார் சொல்லிக் கேட்டவர்கள் பலர் இருப்பார்கள்.

கொக்கலையில் விமானப் படைத் தளம் அமைத்தபோது, அந்தக் கிராமத்து மக்கள் தங்கள் வீடு வாசல்களை விட்டு வெளியேற வேண்டி வந்தது. வீடுகள் இடிக்கப்பட்டன. சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊர் இது. அவரது பூர்வீக வீடு மட்டும் தப்பி நின்றது. அது இப்பொழுது பொருட்காட்சி சாலையாக இருக்கிறது.

தூரத்து நாட்டில் ஒரு தாய்க்கு மகனின் கடிதம் சீக்கிரம் கிடைத்தது. அதற்கு இந்தக் கிராமத்து ஏழைகளும் ஒரு விலை கொடுத்தார்கள் என்பதை மறக்க முடியாது.

சின்னஞ்சிறு கடிதங்கள்

150 ராத்தல் தபால் என்றால் கொஞ்சம்தானே என்று தோன்றலாம். ஆனால் அதில் ஒரு தந்திரம் இருந்தது.

யுத்த காலத்தில் கடிதங்களைப் போட்டோ எடுத்து, சின்னஞ்சிறு படச் சுருளில் அடக்கி விடுவார்கள். ஆயிரக்கணக்கான கடிதங்கள் ஒரு சிறு பொட்டலத்தில் அடங்கிவிடும். போய்ச் சேர்ந்த இடத்தில் அவற்றைப் பெரிதாக்கி, காகிதத்தில் அச்சிட்டு, உரியவருக்குக் கொடுப்பார்கள். எழுதியவரின் கையெழுத்து அப்படியே இருக்கும்!

கொக்கலையில் இறங்கிய தபால் அங்கிருந்து கராச்சி வழியாக மேல்நாடுகளுக்குப் போயிற்று. அங்கிருந்து வந்த தபால் கொக்கலையில் காட்டலினாவில் ஏறிற்று. ஆஸ்திரேலியாவின் அறுந்து போன பாதை ஒட்டிக் கொண்டது.

ஒரு ரகசியச் சங்கம்

இந்தப் பயணத்தை முடித்தவர்களுக்குக் குவாண்டாஸ் கம்பெனி ஓர் அழகான சான்றிதழ் கொடுத்தது. "இரட்டைச் சூரியோதய ரகசியச் சங்கம்" என்பது அதன் தலைப்பு. 24 மணி நேரத்துக்கு மேல் ஆகாயத்திலேயே இருந்து, இரண்டு சூரிய உதயங்களைக் கண்டவர் இவர் என்பதற்கு அத்தாட்சி அது.

சங்கத்தில் சேர்வது சுலபம் அல்ல. சேர்ந்த பிறகு வெளியே சொல்வதும் கூடாது! சேவை நடப்பதே யுத்த ரகசியமாக இருந்தது. எந்த வழியாகப் பறக்கிறார்கள், எப்பொழுது பறக்கிறார்கள் என்று பத்திரிகைகள் எழுத முடியாது.

1944-ம் ஆண்டில் லிபரேட்டர் என்ற பெரிய தரை விமானங்கள் வந்தன. அவை காட்டலினாவைவிட வேகமானவை. கொழும்புக்கு அருகே இரத்மலானை விமான நிலையத்தில் இறங்கின. இந்த லிபரேட்டர் விமானங்களில்தான் குவாண்டாஸ் முதன்முதலாகக் கங்காரு படத்தைப் போட்டது. இன்று உலகம் எங்கும் தெரியும் அந்தக் கங்காரு, இலங்கைப் பாதையில்தான் பறக்கக் கற்றுக் கொண்டது!

காட்டலினாக்களின் கடைசிப் பயணம் 1945 ஜூலையில் நடந்தது. இரண்டு வருடங்களில் 271 முறை சமுத்திரத்தைக் கடந்தன. நூற்றுக்கணக்கான பிரயாணிகளைச் சுமந்தன. துப்பாக்கி இல்லை, துணை விமானம் இல்லை, பேச வாய் இல்லை. அப்படி இருந்தும் ஒரு விமானமும் தொலையவில்லை. ஓர் உயிரும் போகவில்லை!

பரிசாகக் கிடைத்தது

இவ்வளவு உழைத்த ஐந்து விமானங்களும் என்ன ஆயின?

அவை அமெரிக்கா யுத்தத்துக்காக இரவலாகக் கொடுத்த விமானங்கள். யுத்தம் முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும். இல்லையேல் அழித்துவிட வேண்டும். அதுதான் ஒப்பந்தம். வைத்துக் கொள்ள அனுமதி இல்லை.

ஆகவே அவற்றை ஒவ்வொன்றாகக் கடலுக்குக் கொண்டு போய் மூழ்கடித்தார்கள். நான்கு விமானங்கள் பெர்த் நகருக்கு எதிரே ராட்னெஸ்ட் தீவுக்கு அப்பால் மூழ்கின. ஐந்தாவது விமானம் சிட்னி பக்கத்துக் கடலில் மூழ்கியது. எந்தக் கடல் அவற்றை 271 முறை விழுங்க முடியாமல் தோற்றதோ, அந்தக் கடலின் மடியிலேயே அவை அடங்கின. திருவோணமும் சித்திரையும் கேட்டையும் இப்பொழுது கடலுக்கு அடியில் உறங்குகின்றன.

ஆனால் அந்தச் சூரிய உதயம் மறக்கப்படவில்லை.

2018 மார்ச்சில் அதே பெர்த் நகரில் இருந்து லண்டனுக்கு, வழியில் எங்கும் நிற்காமல் ஒரு ஜெட் விமானச் சேவையை குவாண்டாஸ் தொடங்கியது. 10 நாள் பிடித்த பயணம் சுமார் 17 மணி நேரமாகச் சுருங்கியது! சிட்னியில் இருந்தே லண்டனுக்கு நிற்காமல் பறக்க வேண்டும் என்று 2017-ல் ஒரு பெரிய திட்டத்தையும் அந்தக் கம்பெனி அறிவித்தது. அதற்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? "சூரியோதயத் திட்டம்"!

இன்றைய விமானத்தில் சாய்ந்து படுக்கலாம். சினிமா பார்க்கலாம். சுடச்சுடச் சாப்பாடு வரும். எங்கே பறக்கிறோம் என்பதைக் கண் முன்னே இருக்கும் படமே காட்டும்.

அந்த நாளில் ஐந்து பேர், இருட்டில், வாய் பேசாமல், நட்சத்திரத்தைப் பார்த்து வழி கண்டு போனார்கள். பின்னால் ஒரு பையில் யாரோ ஒரு தாய் எழுதிய கடிதம் இருந்தது. அது போய்ச் சேரவேண்டும் என்பதற்காகப் போனார்கள்.

இரண்டாவது முறையாகச் சூரியன் உதித்தபோது, "இன்னும் உயிரோடு இருக்கிறோம், கரை பக்கத்தில்தான் இருக்கிறது" என்பதே அவர்களுக்கு அது சொன்ன சேதி.